பூட்ஸ் பாட்டு

1983 நவம்பர் 6, ஞாயிறு

இன்று கிளாரன்ஸ் கடையில் அடிதடி இல்லாமல் விவாதம் முடிந்தது. அதிசயம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ரயில்வே காலனி பொன்மலையில் இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியங்களுக்குப் போக்கிடம் கிளாரன்ஸின் கேசட் கடை ஒன்றுதான். காலைப் பூசை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவோம். நாங்கள் நாலு பேரும் ஒரே குழு. கிளாரன்ஸ் கிடார், உஸ்மான் டிரம்ஸ். அடியில் கனமாக ஒலிக்கும் பாஸ் கிடாருக்கு மட்டும் இரண்டு பேர், நானும் சிங்கராயனும். கருவி ஒன்றுதான். கல்யாண ரிசப்ஷன்களில் பாதிப் பாட்டு அவன், பாதிப் பாட்டு நான். சிங்கராயன் பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதன், இப்போது என் தங்கை மதலேனின் புருஷன். ஒர்க்‌ஷாப்பில் இரும்பு கடைகிற லேத் மெஷின் ஓட்டுகிறான்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் புத்தாண்டு டான்ஸில் மட்டும் இந்தப் பங்கு பிரிப்பு கிடையாது. மாலை முழுக்க ஒருவன்தான். அந்த ஒருவன் யார் என்பதற்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எண்பதாம் வருடத்துக்குப் பிறகு வந்த பாப், ஆட வைக்கிற ஃபங்க் பாட்டுகளில் எதன் பாஸ் உசத்தி என்று நவம்பர் ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் வாதாடுவோம். கிளாரன்ஸும் உஸ்மானும் நீதிபதிகள். இருவரும் ஒத்துப்போகும்வரை கத்த வேண்டியதுதான். எவன் பாட்டு ஜெயிக்கிறதோ அவன் மேடை ஏறுவான். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் சிங்கராயன் ஏறினான். நான் கீழே நின்று கை தட்டினேன். இந்த வருடம் தட்டுவதாக இல்லை.

டேப்புகள் பெயரில்லாமல் வருவதால் பாட்டுகளுக்குப் பெயர் வைப்பதும் நாங்கள்தான். சிங்கராயனின் பாட்டு ‘தண்ணி லாரி’. பாஸ் மூன்று சுரம் போட்டுவிட்டு அப்படியே நிற்கும். குடத்தோடு எல்லோரும் காத்திருக்க வேண்டும். அப்புறம் மெதுவாகக் கிளம்பும். என்னுடையது ‘பூட்ஸ் பாட்டு’. கிளாரன்ஸின் சித்தப்பா மகன் குவைத்திலிருந்து பதிவு செய்து அனுப்பிய டேப்பில் இருப்பது. பத்தொன்பது வயசுப் பையன் குரலில் எவனோ பாடுகிறான். அதை விடு. பாஸ் இருக்கிறதே, இரும்புப் படியில் பூட்ஸ் காலோடு ஒரு தடியன் தடதடவென்று இறங்கி வந்து நம் முகத்தில் உதைக்கிற மாதிரி இருக்கும்.

“பாஸுங்கிறது அடிடா,” என்றேன். “அடிக்காத பாஸ் எதுக்கு? தாலாட்டவா?”

“அடிக்கிறவன் மொதல்ல கைய ஓங்கணும்ல மச்சான்? ஓங்குறதுக்கு எங்க நேரம் இருக்கு உன் பாட்டுல? வெறிநாய் தொரத்துன மாதிரி ஓடுது,” என்றான் சிங்கராயன்.

உஸ்மான் அவன் பக்கம், கிளாரன்ஸ் நடுவில். நான் மேஜையைக் குத்தியதில் டீ கிளாஸ் ஒன்று உருண்டது. அவ்வளவுதான்.

நவம்பர் 9, புதன்

மண்ணெண்ணெய் வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தான். கேட்டதற்கு முறைத்தான். காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். அடி விழுந்த வேகமும் அதற்கு முன் இருந்த அமைதியும் பூட்ஸ் பாட்டின் நடுப்பகுதி மாதிரியே இருந்தது. இதை ஞாயிறு அன்று சிங்கராயனிடம் சொல்ல வேண்டும்.

மதலேன் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். மழை.

நவம்பர் 13, ஞாயிறு

டிஸ்கோவை ஃபங்க்கில் சேர்க்கலாமா கூடாதா என்று ஆரம்பித்தது. சேர்த்தால் தன் தாத்தா கல்லறையிலிருந்து எழுந்து வந்து அறைவார் என்றான் கிளாரன்ஸ். உன் தாத்தா ரயிலுக்குக் கொடி காட்டியவர்தானே, அவருக்கு ஃபங்க்கைப் பற்றி என்ன தெரியும் என்றான் உஸ்மான். கிளாரன்ஸ் ஆஷ்டிரேயை எறிந்தான். அது உஸ்மான் மேல் படாமல் சுவரில் இருந்த மாதா காலண்டரில் பட்டது. உடனே இருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள், உஸ்மான் உட்பட. அப்புறம் மறுபடி கட்டிப் புரண்டார்கள். நான் நடுவில் புகுந்து விலக்கினேன். விலக்கும்போது உஸ்மானின் சட்டைப் பை என் கையோடு வந்துவிட்டது.

சிங்கராயன் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணி லாரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம்.

நவம்பர் 16, புதன்

விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. மண்ணெண்ணெய் தடவினேன். எரிகிறது. எரியட்டும்.

நவம்பர் 20, ஞாயிறு

கிளாரன்ஸ் என் பக்கம் சாய்ந்துவிட்டான். உஸ்மான்தான் பாக்கி. ஆகவே இன்று பேச்சை விட்டுவிட்டு கிடாரை எடுத்துக்கொண்டு போய், டேப்பை ஓடவிட்டு, கூடவே பூட்ஸ் பாட்டை வாசித்துக் காட்டினேன். முழுசாக, ஒரு இடத்தில்கூட நிற்காமல். ஜூன் மாதத்திலிருந்து பழகியது. உஸ்மான் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான். முடித்தபோது தந்தியில் ரத்தம் ஒட்டியிருந்தது. “ஜீசஸ், என்னா வாசிப்பு மேன்!” என்றான் கிளாரன்ஸ். அந்த ஒரு நிமிடம் நான் ராஜா.

சிங்கராயன் டேப்பைத் திருப்பிப் போடச் சொன்னான். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டான்.

“நல்லா வாசிச்ச மச்சான். ஆனா இது பாஸ் கிடாரே இல்ல.”

“என்னது?”

“அடியில ஒரு சுரம் விடாம அதிருது பாரு. அது விரல் வைக்காத தந்தி. சும்மா தட்டிவிட்டா தானா அதிருற சத்தம். இந்தப் பாட்டு நிக்கிற சுருதிக்கு நம்ம கிடார்ல அப்படி ஒரு தந்தியே கிடையாது. நீ எல்லாத்தையும் அமுக்கி அமுக்கி வாசிக்கிற, அதான் உனக்கு ரத்தம் வருது. ஒண்ணு, இது கீபோர்டுல போட்டது. மெஷினு. மனுசன் விரலே படல. இல்லாட்டி...”

அரை வருடம் நான் மெஷினோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்கிறான். உஸ்மான் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் ஒன்றும் ஆகியிருக்காது.

அப்புறம் கொஞ்சம் தள்ளுமுள்ளு. சோடா பாட்டில் உடைந்தது. சிங்கராயனின் இடது கையில் கிழித்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வீட்டுக்கு வந்து சட்டையை ஊறப்போட்டேன். கறை போக உப்பு போட வேண்டும் என்கிறார்கள். தீர்ப்பு சொல்லப்படவில்லை.

நவம்பர் 21, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை முழங்கைவரை கட்டு. சோடா பெட்டிமேல் தடுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சிங்கராயனே சொல்லியிருக்கிறான். அவன் சொன்னால் சரிதான். நான் நின்ற பக்கம் அவன் திரும்பவில்லை, மருந்து மயக்கமாக இருக்கும்.

“நீங்க ஆட்டோவுல தூக்கிப் போடலைன்னா ரத்தம் போயே செத்துருப்பாருண்ணே,” என்று மதலேன் அழுதாள். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

நவம்பர் 24, வியாழன்

டீக்கடையில் உஸ்மான். நான் உட்கார்ந்ததும் எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“உடு பெலவேந்திரா. நாலாவது வாட்டி நீ ஓங்குறப்ப நான்தான்டா புடிச்சேன். புடிக்கலன்னா கழுத்துக்குப் போயிருக்கும்,” என்றான்.

உஸ்மானுக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்கிற பழக்கம். டிரம்ஸ்காரன்தானே.

சட்டையில் கறை போகவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 27, ஞாயிறு

விவாதம் இல்லை. கிளாரன்ஸ் கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு பேசினான். “புத்தாண்டுக்கு நீயே வாசி மேன். வேற யாரு இருக்கா?” என்றான்.

ஜெயித்துவிட்டேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 3, சனி

கட்டைப் பிரித்தார்கள். மதலேன் கூட வரச் சொன்னதால் போனேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்குகின்றன. நடுவிரல் கொஞ்சம். மற்ற இரண்டும் மடங்கவே இல்லை. டாக்டர் ஊசியால் குத்தினார். “தெரியுதா?” என்றார். சிங்கராயன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். குத்துகிறார் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே நரம்பு அறுந்தது அறுந்ததுதான், இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

லேத் வேலை போயிற்று. ஒர்க்‌ஷாப் கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு மாற்றுவார்களாம். பாஸ் கிடாரைப் பற்றி யாரும் பேசவில்லை. அது என் அறையில் சாய்ந்து நிற்கிறது.

வீட்டில் அலமாரிக் கண்ணாடி உடைந்தது.

டிசம்பர் 11, ஞாயிறு

இதை எழுதக் கை ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கிறிஸ்மஸ் லீவில் குவைத்திலிருந்து டெஸ்மண்ட் வந்திருக்கிறான். டேப் அனுப்பிய அதே சித்தப்பா மகன். அந்தப் பாட்டின் ரெக்கார்டையே கொண்டுவந்திருக்கிறான் என்று கிளாரன்ஸ் ஆள் அனுப்பினான். கிடாரோடு ஓடினேன். ரெக்கார்டு சுழன்றது.

“யார் பாட்டு இது?” என்று கேட்டேன். நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.

பாடியவன் பையன் இல்லை. பாரமான ஆம்பளைக் குரல். பாஸ் இறங்கியது, அதே இரும்புப் படி, அதே பூட்ஸ். ஆனால் அவசரமே இல்லை. எங்கே ஓடுவாய், எப்படியும் நான் உன்னிடம் வரத்தான் போகிறேன் என்பவன் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு வெற்றிடம். அடியில் அந்தச் சுரம் தாராளமாக அதிர்ந்துகொண்டிருந்தது. கிடாரை எடுத்து ஒத்துப் பார்த்தேன். தடித்த தந்தி, சும்மா விட்டது. விரலே வைக்க வேண்டாம். நான் ரத்தம் சிந்திய இடத்தில் அந்த ஆள் விரலை எடுத்துவிட்டுச் சும்மா நின்றிருக்கிறான்.

“டேப் புடிச்ச மெஷின் ரிப்பேர் மேன்,” என்றான் டெஸ்மண்ட். “மெதுவா ஓடும். அதுல புடிச்சத நல்ல மெஷின்ல போட்டா தலதெறிக்க ஓடும். பாட்டு சுருதியும் ஏறிக்கும். அப்பவே சொல்லல நான்?”

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். கிளாரன்ஸ் என் முகத்துக்கு நேராக வந்து, “இன்னொருத்தனையுமா?” என்றான். விட்டுவிட்டேன்.

டிசம்பர் 12, திங்கள்

கிளாரன்ஸின் ரெக்கார்டு பிளேயரைப் போர்வையில் சுற்றி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு சிங்கராயன் வீட்டுக்குப் போனேன். மதலேன் ரேஷனுக்குப் போயிருந்தாள். பாட்டைப் போட்டேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இடது கை மடியில் கிடந்தது. மடங்குகிற விரல்கள் மட்டும் தந்தி தேடின.

“இல்லாட்டின்னு ஒண்ணு சொல்ல வந்தியே அன்னிக்கு,” என்றேன். “என்ன சொல்ல வந்த?”

“இல்லாட்டி டேப்பு தப்பா ஓடுதுன்னு சொல்ல வந்தேன். மெதுவா ஓடவிட்டா ஒரு வேள பாட்டு நல்லா இருக்கும்னு சொல்ல வந்தேன். நீ எங்கடா சொல்லவிட்ட?”

வலது கையால் என் மூக்கில் குத்தினான். லேத் ஓட்டிய கை. எனக்குப் பொறி கலங்கியது. ஊசியை எடுத்துப் பாட்டின் ஆரம்பத்தில் மறுபடி வைத்தான். கேட்டான். மறுபடி குத்தினான். நான் கையைத் தூக்கவில்லை. அவன் எனக்கு முகம் கொடுக்காத இத்தனை நாளைவிட இது எவ்வளவோ மேல். அவன் என்னை வேண்டாம் என்று தள்ளிவிடுவானோ என்ற பயம்தான் எனக்கு இருந்தது. தள்ளிவிடப் போகிறவன் இத்தனை சிரத்தையாக அடிக்க மாட்டான்.

மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகு சொன்னான். “கிடார எடுத்துட்டு நாளையிலேர்ந்து வா. நீ உன் இஷ்டத்துக்கு வாசிச்சா இந்தப் பாட்டு செத்துரும். நான் சொல்றபடி வாசி.”

டிசம்பர் 16, வெள்ளி

அவனிடம் ஒர்க்‌ஷாப் இரும்பு ஸ்கேல் ஒன்று இருக்கிறது. தப்பான சுரத்துக்கு அடிப்பதில்லை. “எடம் காலியா இருக்கணும். அதுல உன் விரல் அசைஞ்சா அடி,” என்பதுதான் சட்டம். அசைகிறது. காலியாக ஒரு இடத்தைப் பார்த்தால் அதில் எதையாவது போட்டு அடிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஸ்கேல் என் இடது கை விரல் முட்டிகளில் இறங்குகிறது. தோல் உரிந்துவிட்டது.

“சும்மா இருடா,” என்று கத்துகிறான். “ஒன்னால சும்மா இருக்க முடியாதா? ஒரே ஒரு தடவ சும்மா இருந்திருந்தா...”

மறுபடி பாட்டைப் போட்டான்.

டிசம்பர் 19, திங்கள்

இன்று ஒரு வெற்றிடத்தைக் கடந்தேன். அடுத்ததில் அடி விழுந்தது. ஆனாலும் ஒன்றைக் கடந்தேன்.

டிசம்பர் 24, சனி

மதலேன் வீட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டப் போனேன். சிங்கராயனால் ஏணியில் ஒரு கையால் ஏற முடியாது. அவன் மாவு வாங்கப் போயிருந்தான்.

கொல்லையில் மதலேன் நாளைய விருந்துக்குக் கோழி அறுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருகிப் பிடித்து ஒரே இழுப்பு. துடித்ததைக் கூடையால் மூடிவிட்டு அடுத்ததை எடுத்தாள். என் கை முட்டிகளைப் பார்த்தாள்.

“வலிக்குதாண்ணே?”

“ஸ்கேலு பட்டுருச்சு.”

“பட்டுருச்சா?” சிரித்தாள். என் தங்கை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “சோடா பெட்டி மேல விழுந்தவருக்கு உள்ளங்கையில ஒரு கிழி விழும். மணிக்கட்டுலேர்ந்து வரிசையா மூணு குத்து விழுமாண்ணே? கட்டு மாத்தறப்ப தெனமும் நான்தான பாத்தேன்.”

நட்சத்திரம் என் கையில் நசுங்கியது.

“எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“காபி குடுத்தேனே, அன்னிக்கே. நீங்களா வாயத் தொறந்து சொல்வீங்கன்னு பாத்தேன். குடிச்சுட்டு கிளாஸக் கழுவி வச்சிட்டுப் போனீங்க.” அடுத்த கோழியின் கழுத்தில் கத்தியை வைத்தாள். “அவரு ராத்திரி தூக்கத்துல அந்தக் கைய நீட்டி நீட்டி எதையோ தடுக்குறாரு. அடிக்கட்டும்ணே. எத்தன அடி அடிக்கணுமோ அடிக்கட்டும். நீங்க மட்டும் நாளைக்கு வராம இருந்துராதீங்க. நீங்க வரலன்னா அவரு பேசுறதே இல்ல.”

இழுத்தாள். ரத்தம் என் செருப்புவரை தெறித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை. கூடையைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன்.

சிங்கராயன் கையில் நான் குத்தினேன். மூன்று தடவை.

டிசம்பர் 27, செவ்வாய்

ஒத்திகைக்கு உஸ்மானும் கிளாரன்ஸும் சிங்கராயன் வீட்டுக்கே வந்தார்கள். இருவரும் என் கையைப் பார்த்தார்கள். உஸ்மான் மட்டும் நான் தப்பு செய்யப்போகிற இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான்.

விவாதத்தை யாரோ மறுபடி ஆரம்பித்தார்கள். தண்ணி லாரியா, பூட்ஸ் பாட்டா? “ரெண்டும் ஒண்ணுதான்டா,” என்றான் சிங்கராயன். “ரெண்டுலயும் வாசிக்கிறவனுக்கு நிக்கத் தெரியுது.”

டிசம்பர் 30, வெள்ளி

கடைசி ஒத்திகை. மத்தியானம், நானும் அவனும் மட்டும். அவன் ரெக்கார்டைப் போட்டான். ஸ்கேலை ஓங்கியபடி என் எதிரில் குந்தினான்.

நான் இறங்க ஆரம்பித்தேன். முதல் படி, அடுத்த படி. இடைவெளி வந்தது. விரலை எடுத்தேன். தந்தி தானாக அதிர்ந்தது, நான் சும்மா நின்றேன். எனக்குள் இருந்த அந்தத் தடியன் உதைக்கத் துடித்தான், விடவில்லை. அடுத்த இடைவெளி. அதிலும் நின்றேன். ஸ்கேல் மேலேயே இருந்தது. கடைசிவரைக்கும் அது இறங்கவே இல்லை. பாட்டு முடிந்து ஊசி வெறும் ஓரத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது.

அப்போது அடித்தான். ஸ்கேலின் விளிம்பால், இதுவரை அடிக்காத வேகத்தில். என் சுண்டுவிரலில் ஏதோ நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

“எங்கடா தப்பு?” என்று கத்தினேன்.

“தப்பே இல்ல.” அவன் முகமெல்லாம் கண்ணீர். “ஒரு தப்பும் இல்ல மச்சான். இத நான் வாசிச்சிருக்கணும்.”

அவன்தான் ஊசியைத் தூக்கி வைத்தான்.

“நாளைக்கு மேடையிலயும் இதே மாதிரி வாசிக்கணும்.”

“வாசிச்சா?”

“வாசிச்சா அதுக்கும் அடிப்பேன்.”

1984 ஜனவரி 1, ஞாயிறு

நேற்று ராத்திரி மேடையில் சுண்டுவிரல் படாமல், ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தேன். அதற்கு விழுந்த அடிக்கு மதலேன்தான் கட்டுப் போட்டுவிட்டாள்.